புதிய ஆட்சியும் முதல் ஆறு மாதமும்

(நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில், ரயில்வேயில் எழுத்தராகப் பணியாற்றும் அமைப்புச் செயலாளர் ஆற்றிய உரை.)



தேர்தல் முடிந்து ஒரு புது மந்திரிசபை பதவியேற்றால், மறுநாள் காலையிலேயே நம்மவர்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்பார்கள். "அண்ணே, புது கவர்மெண்ட் எப்படி?" ஏதோ நான் மந்திரிசபைக் கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டு நேரே லோக்கல் பிடித்து வந்தவன் போலக் கேட்பார்கள். பத்தாம் நாள் அவர்களே, "பரவாயில்லையே, ஏதோ செய்கிறார்கள்" என்பார்கள். நூறாம் நாள் கேட்டால், "எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்" என்று முடித்துவிடுவார்கள். இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் நாம் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதைச் செய்யாமலே ஐந்து வருஷத்தைக் கழித்துவிடுகிறோம்.

அந்த வேலையைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். இன்றைக்கு இருக்கிற எந்தக் கட்சியையும் புகழவோ இகழவோ நான் வரவில்லை. நான் சர்க்கார் சம்பளம் வாங்குகிறவன். நடத்தை விதிகள் எனக்கு மனப்பாடம். ஆனால் 1977ஆம் ஆண்டைப் பற்றிப் பேசுவதை எந்த விதியும் தடுக்கவில்லை. அப்போது நான் பிறக்கக்கூட இல்லை. இருந்தாலும் நமது மூத்த தொழிலாளர்கள் வாய்வழியாகச் சொன்னதையும், பழைய பத்திரிகைகளையும், தொழிற்சங்க அலுவலகத்தில் கரையான் அரித்தது போக மிச்சமிருந்த கோப்புகளையும் பல ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து படித்திருக்கிறேன்.

தோழர்களே! 1977க்குப் போகுமுன் 1974க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு மே 8ஆம் தேதி நாடெங்கும் ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். போனஸ் வேண்டும், என்ஜின் ஓட்டுகிறவனுக்கும் எட்டு மணி நேர வேலை வேண்டும், பொதுத்துறைத் தொழிலாளிக்குச் சமமான சம்பளம் வேண்டும் என்று கேட்டார்கள். தலைமை தாங்கிய ஜார்ஜ் பெர்னாண்டசை வேலைநிறுத்தம் தொடங்குமுன் மே 2ஆம் தேதியே பிடித்து உள்ளே போட்டார்கள். இருபது நாள் நடந்தது அந்தப் போராட்டம். பல்லாயிரம் பேர் சிறைக்குப் போனார்கள். ஆயிரக்கணக்கானோர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். நீக்குவதற்கு விசாரணைகூடத் தேவைப்படவில்லை. ரயில்வே ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 14(2) என்று ஒரு பிரிவு உண்டு. விசாரிப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்று அதிகாரி ஒரு வரி எழுதிவிட்டால் போதும், இருபது வருஷத்துச் சர்வீஸ் ஒரு தாளில் தீர்ந்துபோகும். குவார்ட்டர்சிலிருந்து சாமான்களை எடுத்து வெளியே வைத்ததை நேரில் பார்த்த பெரியவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள்.

அடுத்த ஆண்டு ஜூனில் நெருக்கடி நிலை வந்தது. பத்திரிகைக்குத் தணிக்கை, வாயைத் திறந்தால் மிசா, தொழிலாளிக்குச் சட்டம் உறுதி செய்திருந்த 8.33 சதவீதக் குறைந்தபட்ச போனசை 4 சதவீதமாக வெட்டிய அவசரச் சட்டம். நமது மகாராஷ்டிர சட்டசபையிலே, கட்டாயக் கருத்தடைக்கு 1976இல் ஒரு மசோதாவே நிறைவேற்றினார்கள். நல்லவேளை, அதற்கு ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைக்கவில்லை.

இவை எல்லாவற்றையும்விட இந்த நகரத்துத் தமிழனுக்கு நெஞ்சில் தைத்தது வேறொன்று. டிராம்பே பக்கம், அணுசக்தி நிலையத்தை ஒட்டி, ஜனதா காலனி என்று ஒரு குடியிருப்பு இருந்தது. பெயரைப் பார்த்து ஜனதா கட்சிக்கும் இதற்கும் சம்பந்தம் என்று நினைக்காதீர்கள். கட்சி பிறக்குமுன்பே வந்த பெயர் அது. ஊருக்குள்ளிருந்த குடிசைவாசிகளை மாநகராட்சியே கொண்டுபோய்க் குடிவைத்த இடம். சுமார் 70,000 பேர் வாழ்ந்தார்கள். அதில் தமிழர்கள் ஏராளம். இடம் வேண்டும் என்று அணுசக்தி நிலையம் கேட்டது. மக்கள் வழக்குப் போட்டார்கள், டில்லிவரை போனார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவர் கோலார் தங்கவயலில் பிறந்து பிழைப்புக்கு இங்கே வந்த ஜோக்கின் அற்புதம். பின்னாளில், 2000ஆம் ஆண்டில், மகசேசே விருது பெற்றாரே, அவரேதான். ஆனால் 1976 மே 17ஆம் தேதி போலீஸ் படையோடு வந்து இடித்துவிட்டார்கள். மக்களை லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் ஓதம் ஏறுகிற சேற்று நிலத்தில் இறக்கினார்கள். அதுதான் இன்றைய சீத்தா கேம்ப். மழைக்காலம் நெருங்கிவிட்ட நேரம் அது. முதல் மழைக்காலத்தை அவர்கள் எப்படிக் கழித்தார்கள் என்பதை அங்கே போய் எந்தப் பாட்டியிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். நான் சொல்வதைவிட நன்றாகச் சொல்வாள்.

இப்படிப்பட்ட நிலையில்தான் 1977 மார்ச்சில் தேர்தல் வந்தது. ரேபரேலியில் இந்திரா அம்மையாரே ராஜ் நாராயணிடம் 55,000 வாக்குக்கு மேல் வித்தியாசத்தில் தோற்றார். உத்தரப்பிரதேசத்திலும் பீகாரிலும் காங்கிரசுக்கு ஒரு தொகுதிகூடக் கிடைக்கவில்லை. பெர்னாண்டஸ் சிறையில் இருந்தபடியே முசாபர்பூரில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் அதிகம் பெற்று ஜெயித்தார். பம்பாயிலும் அதே காற்று. மிருணாள் கோரே, அகல்யா ரங்கணேகர், ராம் ஜேட்மலானி, வடகிழக்குத் தொகுதியில் நம் ஊர்க்காரரான சுப்பிரமணியன் சுவாமி என்று எதிர்க்கட்சியினர் வரிசையாக வந்தார்கள்.

இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். இங்கேயிருந்த தமிழன் கைவிரலில் மையோடு ஆனந்தக் கூத்தாடிய அதே நேரத்தில், ஊரிலிருந்த அவனுடைய அண்ணன் தம்பி அதே காங்கிரசுக்கும் அதன் கூட்டணியான அ.தி.மு.க.வுக்கும் வாக்களித்து, 39 தொகுதிகளில் 34ஐ அள்ளிக் கொடுத்திருந்தார்கள். ஆந்திராவில் 42க்கு 41 காங்கிரஸ். "நாங்கள் இங்கே லட்டு கொடுத்தோம், ஊரிலிருந்து வந்த கடிதத்தில் 'நாடு என்ன ஆகுமோ' என்று எழுதியிருந்தது" என்று ஒரு பழைய கேங்மேன் என்னிடம் சொன்னார். ஊர்க்காரர்கள் அறிவில்லாதவர்களா? இல்லை. அங்கும் மிசாக் கொடுமை நடந்தது; தி.மு.க. ஆட்சியையே 1976 ஜனவரி 31இல் கலைத்தார்கள். ஆனாலும் தன் கதவில் புல்டோசர் இடித்தவனுக்கும், இடித்த செய்தியே தணிக்கையில் போனதால் கேள்விப்படாதவனுக்கும் ஆட்சி ஒரே மாதிரி தெரியாது. ஆகவே ஒரு ஆட்சியைப் பற்றி மக்கள் கருத்து என்று யாராவது சொன்னால், எந்தச் சந்தில் கேட்டீர்கள் என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும்.

சரி, புது ஆட்சி வந்தது. மார்ச் 24ஆம் தேதி மொரார்ஜி தேசாய் பதவியேற்றார். வெற்றி பெற்றவர்கள் அன்று காலை காந்தி சமாதியில் ஜெயப்பிரகாசர் முன்னிலையில் உறுதிமொழி எடுத்தார்கள். அன்றே ஒரு அபசகுனமும் நடந்தது. ஜகஜீவன்ராம் பிரதமர் பதவி கிடைக்காத கோபத்தில் பதவியேற்பைப் புறக்கணித்தார். சில நாள் கழித்துத்தான் சமாதானமாகி வந்தார். மாலை வாடுமுன்பே சண்டையா என்று அப்போதே சிலர் முணுமுணுத்திருக்கிறார்கள். பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்தவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இருபத்தொரு மாதம் வாய் பொத்தி இருந்தவனுக்கு, டீக்கடையில் சத்தமாகப் பேச முடிகிறதே என்பதே பெரிய விருந்து. பத்திரிகையில் வெள்ளையாக விட்ட கட்டங்கள் இல்லை, சிறைக் கதவு திறந்தது, ஊசிக்கும் கத்திக்கும் ஆள் பிடிக்கிற கூட்டம் ஒழிந்தது. குடும்பக் கட்டுப்பாடு என்ற பெயரையே குடும்ப நலம் என்று மாற்றினார்கள்.

நம் துறைக்கு மது தண்டவதே மந்திரியானார். பம்பாய்க் கல்லூரியில் பௌதிகம் கற்பித்தவர், சோஷலிஸ்ட். 1974இல் வேலை இழந்தவர்களை மறுபடி வேலைக்கு எடுக்க உத்தரவிட்டார். இதைப் படிக்கும்போது ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. மூன்று வருஷம் மூட்டை தூக்கியும், மனைவியின் தாலியை அடகு வைத்தும், வாழை இலை விற்றும் பிழைத்த ஒருவனுக்கு, 'பணிக்குத் திரும்பவும்' என்று கடிதம் வந்த நாளை நினைத்துப் பாருங்கள். யாருடைய கையில் அந்தக் கடிதம் சீக்கிரம் வந்து சேர்ந்தது தெரியுமா? இதற்காகத்தான் இவ்வளவு தூரம் உங்களை அழைத்து வந்தேன். நான் பார்த்த பழைய கோப்பில் கிளைச் சங்கத்தார் ஒரு பதிவேடு வைத்திருந்தார்கள். பெயர், டோக்கன் நம்பர், எந்த ஷெட், எந்தத் தேதியில் நீக்கம், உத்தரவு எண், குடும்பத்தில் எத்தனை பேர், இப்போது எந்த முகவரி என்று கோடு போட்டு எழுதிய பதிவேடு. நெருக்கடி நிலையில் சங்க அறையே பூட்டிக் கிடந்தபோது, ஒருவர் வீட்டு அரிசிப் பானைக்குக் கீழே இருந்ததாம் அது. ஆட்சி மாறியதும் அவர்கள் மாலை வாங்கப் போகவில்லை. அந்தப் பதிவேட்டைப் பிரதி எடுக்கத்தான் ஓடினார்கள். முகவரி இல்லாமல் ஊருக்குத் திரும்பிப் போனவர்களுக்குச் சேதி போய்ச் சேரவே மாதக்கணக்கில் ஆயிற்று.

இன்னொரு நல்லதும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் இரண்டாம் வகுப்புத் தூங்கும் பெட்டியில் வெறும் பலகைதான். சென்னைக்குப் போக ஒரு பகலும் ஓர் இரவும் தாண்டும். கைக்குழந்தைக்காரிகள் புடவையை மடித்துப் போட்டுப் படுப்பார்கள். தண்டவதே அந்தப் பலகைக்கு இரண்டு அங்குல மெத்தை போடச் சொன்னார். படிப்படியாக எல்லா வண்டிக்கும் வந்தது. மந்திரிகள் எவ்வளவோ பேசுகிறார்கள். நமது முதுகெலும்பு ஞாபகம் வைத்திருப்பது அந்த இரண்டு அங்குலத்தைத்தான்.

போனசும் அந்த ஆண்டே 8.33க்குத் திரும்பியது. ஆனால் ரயில்வே தொழிலாளிக்குப் போனஸ் என்ற 1974இன் முதல் கோரிக்கை மட்டும் உடனே நிறைவேறவில்லை. அது 1979இல், மொரார்ஜியும் போன பிறகு, சரண்சிங்கின் காபந்து அரசில்தான் கிடைத்தது.

அதே சமயம் வேறொரு குரலும் அலுவலகங்களில் எழுந்தது. "என்ன இருந்தாலும் எமர்ஜென்சியில் ரயில் நேரத்துக்கு ஓடியது, இப்போது கட்டுப்பாடு போச்சு." புது ஆட்சி வந்து சில மாதத்திலேயே இப்படிச் சொன்னவர்கள் உண்டு; இன்றைக்கும் சொல்கிறார்கள். இத்தனை வருஷம் ரயில்வேயில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். வண்டி நேரத்துக்கு ஓட என்ஜின் வேண்டும், சிக்னல் வேண்டும், நல்ல தண்டவாளம் வேண்டும், போதிய ஆள் வேண்டும். மிரட்டினால் ஆள் நேரத்துக்கு வந்து கையெழுத்துப் போடுவான். தண்டவாளம் யாருக்கும் பயப்படாது. தாமதமாக வந்த வண்டியைத் தாமதம் என்று எழுதப் பயந்த காலமும் அதுதானே! ஆகவே அந்தப் பேச்சை நான் ஒப்புக்கொள்வதில்லை.

இப்போது சீத்தா கேம்புக்கு வருவோம். ஆட்சி மாறியதே, அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து ஜனதா காலனியில் வைத்தார்களா? இல்லை. அணுசக்தித் துறை பிரதமரின் நேரடிப் பொறுப்பில் இருப்பது. இடித்தவர் காலத்துப் பிரதமர் போய், இடித்ததைக் கண்டித்தவர்கள் ஆதரித்த பிரதமர் வந்தார். இருந்தும் சேற்றில் இருந்தவர்கள் சேற்றிலேயேதான் இருந்தார்கள். கல்லும் மண்ணும் கொட்டி அந்த நிலத்தை மேடாக்கியது அவர்கள் கை. இங்கேதான் வித்தியாசம் புரிய வேண்டும். வேலைநீக்க உத்தரவை ஒரு கையெழுத்தால் ரத்து செய்யலாம். இடித்த வீட்டைக் கையெழுத்தால் கட்ட முடியாது. அதற்கு நிலம் வேண்டும், பணம் வேண்டும், நிலத்தை வைத்திருப்பவனோடு மல்லுக்கட்ட வேண்டும். பழைய ஆட்சி செய்த அநியாயத்தில் செலவில்லாமல் திருத்தக்கூடியதை எந்தப் புது ஆட்சியும் முதல் மாதத்திலேயே திருத்திப் பேர் வாங்கிக்கொள்ளும். மற்றதை நாம் கேட்டால்தான், அதுவும் அவர்களுக்குள் சண்டை முற்றுமுன் கேட்டால்தான் உண்டு.

பலருக்குத் தெரியாத இன்னொரு விஷயமும் இதில் இருக்கிறது. டில்லியில் ஆட்சி மாறினாலும் இங்கே மாநிலத்தில் காங்கிரஸ் ஆட்சியேதான் 1978வரை நீடித்தது. ஒன்பது மாநிலச் சட்டசபைகளைக் கலைத்தார்களே, அதில் மகாராஷ்டிரம் சேரவில்லை. குடிசைப் பகுதிக்குக் குழாயும் கக்கூசும் கொடுக்க வேண்டிய வார்டு ஆபீசில் அதே அதிகாரி, அதே நாற்காலி. நம்மவர்கள் டில்லியைப் பார்த்துக் கைதட்டினார்கள். தண்ணீர் வர வேண்டிய குழாய் வேறொருவன் கையில் இருந்தது.

முதல் ஆண்டு முடியுமுன்பே கசப்பும் வந்துவிட்டது. மே 27ஆம் தேதி பீகாரில் பெல்ச்சி கிராமத்தில் பதினோரு பேரைக் கொளுத்திக் கொன்றார்கள், பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். டிசம்பரில் கான்பூர் சுதேசி மில் தொழிலாளர்கள் மீது போலீஸ் சுட்டுப் பலர் செத்தார்கள். அங்கே மாநில ஆட்சியும் ஜனதாதான். அதே மாதம், மிசாவில் உள்ளே கிடந்து வந்தவர்களே, விசாரணையில்லாமல் அடைத்துவைக்கும் அதிகாரத்தைச் சாதாரணச் சட்டத்திலேயே சேர்க்க மசோதா கொண்டுவந்தார்கள். எதிர்ப்புக் கிளம்பிய பிறகு 1978இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். அக்டோபரில் இந்திரா அம்மையாரைக் கைது செய்து மறுநாளே விட வேண்டியதாயிற்று. பத்திரிகைகளில் மாதக்கணக்கில் அந்தக் கதையும் ஷா கமிஷன் கதையும்தான். ரேஷன் கடை வரிசையில் நின்ற தாய்மார்களுக்கு அதில் எவ்வளவு நாள் ருசி இருக்கும்? 1979 ஜூலையில் மொரார்ஜி விலகினார். 1980 ஜனவரியில் வெங்காய விலையைக் காட்டியே இந்திரா அம்மையார் திரும்ப வந்துவிட்டார்.

பிறகு இந்த மாநிலத்திலும் 1980இல் புது ஆட்சி, அந்துலே முதலமைச்சர். ஆதரவற்ற விதவைகளுக்கும் முதியவர்களுக்கும் மாத உதவித்தொகை அறிவித்தார். நல்ல பெயர் கிடைத்தது. ஓராண்டு கழிந்து 1981 ஜூலையில், கொட்டுகிற மழையில், நடைபாதைவாசிகளைப் பிடித்து அவரவர் சொந்த ஊருக்கு அனுப்ப உத்தரவிட்டவரும் அவரே. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர்களில், 1961 வாக்கில் சேலத்திலிருந்து வந்த நிலமில்லாக் கூலித் தொழிலாளி ஒருவரும் உண்டு. பத்திரிகையாளர் ஒல்கா டெலிஸ் பெயரில் அறியப்படும் அந்த வழக்கில் 1985 ஜூலை 10ஆம் தேதி தீர்ப்பு வந்தது. பிழைப்புக்கான உரிமையும் உயிர் வாழும் உரிமையைச் சேர்ந்ததே என்றார்கள் நீதிபதிகள். கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் உரிய நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம் என்றும் சொல்லிவிட்டார்கள். மாற்று இடம் யாருக்கு? 1976இல் எடுத்த குடிசைக் கணக்கெடுப்பில் பதிவாகி அட்டை வைத்திருந்தவர்களுக்கு.

தோழர்களே, அந்த அட்டையைக் கொஞ்சம் யோசியுங்கள். கணக்கெடுப்பு நடந்தது நெருக்கடி நிலைக் காலத்தில். எடுக்க வந்தவர்களை நம்பாமல் கதவைச் சாத்திக்கொண்டவர்கள் உண்டு, வேலைக்குப் போய்விட்டவர்கள் உண்டு, ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தவர்கள் உண்டு. அந்த ஆட்சியை வெறுத்ததில் நியாயம் இருந்தது. ஆனால் ஒன்பது வருஷம் கழித்து, வேறு ஆட்சியில், நீதிமன்றத்தில் நின்று பேசியது அந்தக் காகிதம்தான். பிறகு 1980, 1985, 1995, 2000 என்று தேதி நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு புதுத் தேதி வாக்குறுதி. தேதி எதுவானாலும் கேட்பது ஒன்றுதான்: அன்றைக்கு நீ இங்கே இருந்தாய் என்பதற்கு என்ன ஆதாரம்?

ஆகவே "புது கவர்மெண்ட் எப்படி?" என்று என்னிடம் கேட்காதீர்கள். நம் தெருவில் எந்த வேலை டில்லியின் கையில், எது மாநிலத்தின் கையில், எது வார்டு ஆபீசின் கையில் என்று கேளுங்கள், சொல்கிறேன். பொன்னாடையோடு மந்திரியைப் பார்க்க ஒரு குழு போகலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். போகலாம், தடையில்லை. ஆனால் பொன்னாடைக்குள் ஒரு பதிவேடும் இருக்கட்டும்.

அதற்கான வேலையைத்தான் செயற்குழு எடுத்திருக்கிறது. அடுத்த ஞாயிறு காலை ஒன்பது மணி முதல் சங்க அறையில் நானும் மூன்று தம்பிகளும் உட்கார்ந்திருப்போம். ரேஷன் கார்டு, பழைய போட்டோ பாஸ், மின்சார பில், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ், பழைய வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் வந்த பக்கம், எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, கொண்டு வாருங்கள். கணவர் பெயரில் மட்டும் காகிதம் இருக்கிற தாய்மார்கள் தங்கள் பெயரில் உள்ளதையும் தேடி எடுத்து வரவேண்டும். அவர் ஊருக்குப் போய்விட்ட பிறகு அலையாதீர்கள். ஜெராக்ஸ் செலவு சங்கத்துடையது. அசல் காகிதத்தை எங்களிடம் விட்டுவிட்டுப் போகக் கூடாது, அதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன்.